பார்த்தவர் வந்து சொல்லட்டும்

“சின்ன வயசுலயே இவளுக்கு இப்படித்தான் டாக்டர். பள்ளிக்கூடத்துல காலைல வரிசையா நிக்க வைப்பாங்கல்ல, அப்பவே ஒரு நாள் தொபுக்குன்னு விழுந்தா. வெளியில தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டிக்குவான்னு எங்கம்மா மூடி மறைச்சுட்டாங்க.”

பேசிக்கொண்டிருந்தது அக்கா. நோயாளி பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் ஆண்டவன் ஒரு வாயைக் கொடுத்துத்தான் அனுப்பியிருந்தான். ஆனால் அக்கா உடன் வந்துவிட்டால் அந்த வாய்க்கு விடுமுறை. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் அக்கா சொல்வாள். தூக்கம் வருகிறதா என்றாலும் அக்கா சொல்வாள். நாக்கை நீட்டுங்கள் என்றால் மட்டும், வேறு வழியில்லாமல், நோயாளியே நீட்ட வேண்டியிருக்கும்.

நோயாளிக்கு வேலை கிரேன் ஓட்டுவது. கட்டுகிற கட்டடத்துக்கும் மேலே, ஆகாயத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு தொங்குமே, அதற்குள் உட்கார்ந்து கம்பிக் கட்டுகளையும் சிமெண்டுத் தொட்டிகளையும் தூக்கி இறக்குகிறவள். கீழே இருப்பவர்களுக்கெல்லாம், அவளைவிட மூத்தவர்களுக்கும்கூட, அவள் மேலக்கா. ‘பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை’ என்றவர்களின் கண் முன்னாலேயே நூல் பிடித்த மாதிரி பாரத்தை இறக்கிக் காட்டி வாங்கிய இடம் அது. அந்த இடம்தான் இப்போது கை நழுவிக்கொண்டிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். போன மாதம் ஒரு காலையில், வேலை தொடங்குமுன் எல்லாரையும் முற்றத்து வெயிலில் நிற்க வைத்து சைட் மேனேஜர் பேசிக்கொண்டிருந்தபோது அவள் மயங்கி விழுந்தாள். கையும் காலும் வெட்டின. கண் விழித்தபோது வண்டியின் பின் சீட்டில் இருந்தாள். கீழே நின்று அவளுக்குக் கொடி காட்டும் கொடிக்காரர் வீட்டுக்குப் போன் செய்து, “கை கால் வெட்டுச்சு” என்றார். போனை எடுத்தது அக்கா. அக்கா ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதே, “வலிப்பு, வலிப்பு” என்று கத்திக்கொண்டுதான் இறங்கினாள். வாசலில் இருந்தவர்கள் அதையே எழுதினார்கள். எழுதியதை நரம்பு டாக்டர் படித்தார். ஒருவர் கண்ணாலும் காணாத வலிப்பு, மூன்று கை மாறி, சட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது!

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? தலையெல்லாம் ஒயர் ஒட்டி ஒரு சோதனை. ‘சரின்னும் சொல்ல முடியாது, தப்புன்னும் சொல்ல முடியாது’ என்று முடிவு வந்தது. தலைக்கு ஸ்கேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக அதில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி கிளம்பியது. காலையும் மாலையும் மாத்திரை. அதைப் போட்டதிலிருந்து அவளுக்கு நாள் முழுக்கத் தூக்கக் கலக்கம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பாள், பால் பொங்கி வழியும்.

இன்றைக்கு டாக்டர் புதிதாக இரண்டு சோதனைகள் எழுதிக்கொண்டிருந்தார். மருந்து ஏற்றி இன்னொரு ஸ்கேன். முதுகுத் தண்டில் ஊசி குத்தி நீர் எடுப்பது.

“எடுத்துடலாம் டாக்டர். எதையும் விட வேண்டாம்,” என்றாள் அக்கா.

முதுகு என்றதும் நோயாளிக்குக் கலக்கம் கொஞ்சம் தெளிந்தது.

“இந்த ஊசி எதுக்கு டாக்டர்?”

டாக்டர் நிமிர்ந்தார். இத்தனை நாளில் அந்தக் குரலை அவர் கேட்டதே இல்லை. “ஸ்கேன்ல ஒரு புள்ளி தெரியுதும்மா. அது என்னன்னு பார்க்கணும்.”

“அந்தப் புள்ளியாலதான் விழுந்தேனா?”

“அப்படிச் சொல்ல முடியாது. நிறைய பேருக்கு ஒரு காரணமும் இல்லாம இருக்கும்.”

“சரி, ஊசி போட்டுப் பார்த்து ஒண்ணும் இல்லைன்னு வந்தா மாத்திரையை நிறுத்திடுவீங்களா?”

“இல்ல. தொடரணும்.”

“ஏதாவது இருக்குன்னு வந்தா?”

“அப்பவும் இதே மாத்திரையைத் தொடரணும்.”

“இருந்தாலும் மாத்திரை, இல்லைன்னாலும் மாத்திரை. அப்ப என் முதுகை எதுக்குக் குத்துறீங்க?”

“ஏய், டாக்டர்கிட்ட என்ன பேச்சு இது!” என்று அக்கா தொடையைக் கிள்ளினாள். நோயாளி அந்தக் கையை எடுத்து அக்காவின் மடியிலேயே வைத்தாள்.

“கிரேன், டாக்டர்?”

“வலிப்புன்னு ஆனப்புறம் உயரத்துல ஏற விட முடியாதும்மா. அது உங்களுக்கும் ஆபத்து, கீழ இருக்கிறவங்களுக்கும் ஆபத்து.”

“வலிப்புன்னு யாரு சொன்னாங்க? நான் விழுந்ததை யாரு பார்த்தாங்கன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?”

டாக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா விறைப்பாக, “நான்தான் எல்லாத்தையும் சொன்னேனே,” என்றாள்.

“நீ பார்த்தியா?”

“பார்க்கல. அதுக்காக? அவங்க போன்ல சொன்னாங்கல்ல?”

வெளியே ஒரு கூட்டமே காத்திருந்தது. டாக்டர் நினைத்திருந்தால் மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் பேனாவைக் கீழே வைத்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“பார்த்தவர் இருந்தா கூட்டிட்டு வாங்க. அவர் வாயால கேட்கிறேன். அதுவரைக்கும் ஊசி வேண்டாம். ஆனா மாத்திரையை நீங்களா நிறுத்தக் கூடாது, சொல்லிட்டேன்.”

“நிறுத்த மாட்டேன். நான் கேள்வி கேட்கிறவதான், முட்டாள் இல்ல.”

வெளியே வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள். “பெரிய வக்கீலு! படிச்சவங்களைக் குறுக்கு விசாரணை பண்றா! ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா யாருடி பார்க்கிறது? நான்தானே?” சொல்லும்போதே அவள் கண் கலங்கியது. அன்று போன் வந்ததும் கை கால் ஓடாமல், இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தவள் அவள். பாசத்தில் குறை சொல்ல முடியாது. வாயில்தான் வஞ்சகமில்லாமல் ஒன்றுக்கு ஒன்பது வரும்.

“அக்கா, உனக்குப் பயம். எனக்கும் பயம்தான். ஆனா பயத்துக்கெல்லாம் ஸ்கேன் எடுத்துக்கிட்டே இருக்க முடியாது. நீ வீட்டுக்குப் போ.”

அவள் நேராக சைட்டுக்குப் போனாள். மதிய ஓய்வு. கொடிக்காரர் தகரக் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வயதில் அவர்தான் மூத்தவர். ஆனால் அவர் இவளை அக்கா என்பார், இவள் அவரை அண்ணே என்பாள்.

“வாங்க மேலக்கா! எப்ப ஏறுறீங்க? இப்ப மேல இருக்கிறவன் தூக்குறதைப் பார்த்தா எனக்கு வயித்தைக் கலக்குது.”

“அண்ணே, அன்னைக்கு நான் விழுந்ததை முதல்ல இருந்து சொல்லுங்க.”

“அதான் சொன்னேனே, கை கால் வெட்டுச்சு.”

“அதுக்கு முன்னாடி?”

கொடிக்காரர் மென்றுகொண்டே யோசித்தார். “முகம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்துப்போச்சு. வேர்த்துக் கொட்டுச்சு. கண்ணைக் கசக்குனீங்க. அப்புறம் முட்டி மடங்குச்சு. நானும் கம்பி கட்டுறவரும் பிடிச்சுட்டோம்.”

“பிடிச்சு?”

“பிடிச்சு…” அவர் மேனேஜரின் அறைப் பக்கம் பார்த்தார். சாப்பாட்டை மூடினார். “விடுங்க மேலக்கா. முடிஞ்சு போன கதை.”

“யாருக்கு முடிஞ்சுது? எனக்கு முடியலையே!”

அதற்குமேல் மெள்ள மெள்ளத்தான் வந்தது. கீழே படுக்க வைக்கப் போனார்களாம். மேனேஜர் ஓடி வந்து, “படுக்க வைக்காதீங்க! நாற்காலி கொண்டு வாங்க, நாற்காலி!” என்று கத்தினாராம்.

ஏன் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் ஒரு பெரிய பலகை உண்டு, விபத்து நடக்காத நாட்களின் எண்ணிக்கை அதில் நாளுக்கு நாள் ஏறும். வேலை ஆள் ஒருவர் தரையில் படுத்துவிட்டால் அது விபத்து. வேலையை நிறுத்த வேண்டும், மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும், பலகை பூஜ்யத்துக்கு வந்துவிடும். நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அது ஓய்வு. இப்படி ஒரு சட்டத்தை எந்த மகராசன் கண்டுபிடித்தானோ, அந்த சைட்டில் காய்ச்சல்காரனும் கால் சுளுக்கியவனும் நாற்காலியில்தான் விறைத்து உட்கார்ந்திருப்பார்கள்.

“நீங்க சாயச் சாய ரெண்டு பேரும் தோளைப் பிடிச்சு நிமிர்த்தி வெச்சோம். தலை தொங்குச்சு, தலையையும் பிடிச்சோம். அப்பதான் வெட்ட ஆரம்பிச்சுது. வண்டி வந்து பின் சீட்டுல நீட்டிப் படுக்க வெச்சோம் பாருங்க, பட்டுனு கண்ணைத் தொறந்து ‘என் தொப்பி எங்கண்ணே’ன்னு கேட்டீங்க.”

இதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் இதில் ஒரு வார்த்தைகூட டாக்டரின் காதுக்குப் போகவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

“வந்து டாக்டர்கிட்ட இதையே சொல்லுங்க.”

“ஐயோ, என்னை விட்டுடுங்க. மேனேஜர் காதுக்குப் போனா அடுத்த நாளே கணக்கைத் தீர்த்துடுவாரு. எனக்கும் பிள்ளைங்க இருக்கு.”

“அண்ணே, மேல இருந்து பார்த்தா எனக்குப் பாதி தெரியாது. சுவருக்குப் பின்னால இறக்குறப்ப நான் எதை நம்பி இறக்குறேன்? உங்க கொடியை. நீங்க இறக்குன்னா இறக்குவேன், நிறுத்துன்னா நிறுத்துவேன். இத்தனை வருஷமா உங்க கண்ணுதான் எனக்குக் கண்ணு. அந்தக் கண்ணு இன்னைக்கு ‘நான் ஒண்ணும் பார்க்கலை’ன்னு சொல்லுதா? சொல்லட்டும். நல்லா இருங்க.”

அவள் எழுந்து நடந்தாள். கொட்டகை வாசல் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

“கோபத்தைப் பாரு! எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லிட்டுப் போங்க மேலக்கா.”

மறுநாள் டாக்டர் அறைக்கு மூன்று பேர் போனார்கள். அக்காவை வாசலிலேயே நிறுத்தி, “உள்ள வா. ஆனா உன்னைக் கேட்டா மட்டும் பேசு,” என்று சொல்லித்தான் மேலக்கா அழைத்துப் போனாள். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு, வாய்க்குப் பூட்டு போட்டவளாக மூலையில் நின்றாள்.

டாக்டர் கொடிக்காரரைத் துருவித் துருவிக் கேட்டார். முகம் நீலமாச்சா, வெளுத்துச்சா? நாக்கைக் கடிச்சாங்களா? கண் விழிச்சதும் ஆள் அடையாளம் தெரிஞ்சுதா? எப்படி வெட்டுச்சு, செஞ்சு காட்டுங்க. கொடிக்காரர் வெட்கத்தோடு நாற்காலியில் உட்கார்ந்து தலையைத் தொங்கப் போட்டு, தோளையும் கையையும் விட்டு விட்டு உதறிக் காட்டினார். டாக்டர் சிரிக்கவில்லை. கூர்ந்து பார்த்தார்.

“வெட்டும்போது இப்படி உட்கார்ந்துதான் இருந்தாங்களா? படுத்தா?”

கொடிக்காரர் ஒரு நிமிடம் மேலக்காவைப் பார்த்தார். “உட்கார்ந்துதான். நாங்கதான் படுக்க விடாம பிடிச்சு வெச்சிருந்தோம்,” என்று சொல்லி, நாற்காலிக் கதை முழுவதையும் கொட்டிவிட்டார்.

டாக்டர் நோயாளியின் பக்கம் திரும்பினார். முதல் முறையாக அவளையே பார்த்துக் கேட்டார். “விழுறதுக்கு முன்னாடி உங்களுக்கு என்ன தெரிஞ்சுதும்மா?”

“காது ரெண்டும் ஙொய்ங்னுச்சு. கண்ணு ஓரத்துல இருந்து இருட்டிக்கிட்டு வந்துச்சு.”

“காலைல என்ன சாப்பிட்டீங்க? தண்ணி குடிச்சீங்களா?”

“வேலை நாள்ல குடிக்க மாட்டேன்.”

“ஏன்?”

அவள் கொடிக்காரரைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள். கூச்சமாகத்தான் இருந்தது. கூச்சப்பட்டுத்தானே இந்த லட்சணம் என்று நினைத்துச் சொன்னாள். “மேல கக்கூஸ் கிடையாது டாக்டர். அவசரம்னா அத்தனை ஏணியும் இறங்கி ஏறணும். அதனால முந்தின ராத்திரியில இருந்தே குடிக்கிறதைக் குறைச்சுடுவேன்.”

“அடிப்பாவி! இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?” என்று பூட்டை உடைத்தாள் அக்கா.

“நீ எப்ப என்னைப் பேச விட்டே?”

டாக்டர் அவளைப் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். எழுந்து நிற்க வைத்து மறுபடி பார்த்தார். நின்றதும் அழுத்தம் இறங்கியது. நெஞ்சில் ஒயர் வைத்து இதயத்தையும் ஒரு முறை பார்த்தார். அது ஒழுங்காக இருந்தது. ஒரு மாதமாக அலைந்ததில் இவ்வளவு சின்னச் சோதனையை யாரும் செய்யவில்லை.

“நீங்க சொல்றதை வெச்சுப் பார்த்தா இது வலிப்பு மாதிரி தெரியலைம்மா. சாதாரண மயக்கம். நீர் வத்திப்போய், வெயில்ல அசையாம நின்னதுல தலைக்கு ரத்தம் குறைஞ்சிருக்கு. கீழ விழுந்திருந்தா ரத்தம் தலைக்குத் திரும்பி, கொஞ்ச நேரத்துல தானா எந்திரிச்சிருப்பீங்க. நிமிர்த்திப் பிடிச்சதால ரத்தம் ஏற முடியல. அதான் கை கால் வெட்டியிருக்கு. பள்ளிக்கூடத்துல விழுந்ததும் நின்னுக்கிட்டு இருந்தப்பதானே?” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முதல் நாளே நான் கேட்டிருக்கணும். எழுதி வந்ததை அப்படியே நம்பிட்டேன்.”

முதுகு ஊசி போயிற்று. அந்த வெள்ளைப் புள்ளிக்கும் மயக்கத்துக்கும் சம்பந்தமில்லை என்று இரண்டாவது ஸ்கேனும் போயிற்று. மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம், அதுவரை தரையிலேயே இருக்க வேண்டும், மறுபடி மயக்கம் வந்தால் தயங்காமல் தன்னிடம் வர வேண்டும் என்றார். தலை சுற்றினால் எங்கே இருந்தாலும் உடனே படுத்துக்கொள்ள வேண்டும், எழும்போது முதலில் உட்கார்ந்து பிறகு நிற்க வேண்டும். மேலக்காவுக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை, நன்றாக அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “சைட்டுக்குக் குடுக்கிற கடிதத்துல நாற்காலியையும் எழுதுங்க டாக்டர்,” என்றாள்.

“அது தேவையா?”

“அதுதானே காரணம்? எழுதுங்க. இவர் பேரு வேண்டாம்.”

கொடிக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பேரையும் போடுங்க டாக்டர். பார்த்தவன் நான்தானே.”

மாத்திரை நின்று, உடம்பு தெளிந்து, டாக்டர் ஏறலாம் என்று சொன்ன பிறகு மேலக்கா கடிதத்தோடு சைட் மேனேஜரின் மேசை முன் நின்றாள். அவர் படித்தார். பாதியில் முகம் கடுகடுத்தது. பிறகு சிரிப்பை வரவழைத்துக்கொண்டார்.

“ரொம்ப சந்தோஷம் மேலக்கா. மேலிடத்துக்கு இன்னைக்கே அனுப்பிடறேன், நாளைக்கே ஏறலாம். இந்த நாற்காலி சமாச்சாரம் மட்டும் இல்லாம வேற ஒரு கடிதம் வாங்கிட்டு வந்துடுங்க. ஒரே ஒரு வரிதானே.”

அவளுக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். ஜன்னல் வழியே கிரேன் தெரிந்தது. யாரோ ஒருவன் பாரத்தை ஆட்டி ஆட்டி இறக்கிக்கொண்டிருந்தான். ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“அந்த வரி இல்லாததால ஒரு மாசம் நான் வலிப்புக்காரியா இருந்தேன் சார். நாளைக்கு இன்னொருத்தரை உட்கார வைப்பீங்க. எடுக்க மாட்டேன்.”

“அப்ப இது என் மேசையிலயே கிடக்கும்.”

“சரி,” என்று அவள் வெளியே வந்தாள். ஏணிப் பக்கம் போகவில்லை. வாசல் பக்கமும் போகவில்லை. முற்றத்தின் நடுவில் போய், தொப்பியைத் தலைக்கு வைத்து, கையைக் காலை நீட்டி மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

கம்பி கட்டுகிறவர் கத்தினார். கொடிக்காரர் சிவப்புக் கொடியைத் தூக்கினார். மேலே பாரம் நின்றது. கலவை இயந்திரம் நின்றது. வேலிக்கு வெளியே காத்திருந்த அக்கா, “ஐயோ, என் தங்கச்சி!” என்று அலறினாள். மேலக்கா படுத்தபடியே ஒரு கையைத் தூக்கி அசைத்துக் காட்டினாள். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் அலறல் இன்னும் பெரிதாயிற்று. தெருவில் போனவர்களெல்லாம் வேலியருகே கூடிவிட்டார்கள்.

மேனேஜர் தலைதெறிக்க ஓடி வந்தார். “நாற்காலி! நாற்காலி கொண்டு வாங்க!”

ஒருவரும் நகரவில்லை. எல்லாரும் அவரையே பார்த்தார்கள். தாமதமாகத்தான் அவருக்குத் தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று உறைத்தது.

“எனக்கு ஒண்ணும் இல்ல சார். சும்மாதான் படுத்திருக்கேன்,” என்றாள் மேலக்கா வானத்தைப் பார்த்தபடி. “இது விபத்தா, ஓய்வான்னு நீங்களே சொல்லுங்க. விபத்துன்னா மேலிடத்துக்குச் சொல்லுங்க. ஓய்வுன்னா இனிமே மயங்குறவங்களை இப்படியே படுக்க விடுங்க.”

கொடிக்காரர் கொடியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் படுத்தார். கம்பி கட்டுகிறவரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, படுத்தார்.

“எந்திரிங்க மேலக்கா. ஊரே பார்க்குது.”

“பார்க்கட்டும் சார். யாரும் பார்க்காததாலதான் இவ்வளவு வந்துச்சு. கடிதத்தை அனுப்புங்க.”

மேனேஜர் பல்லைக் கடித்தார். அறைக்குப் போய்க் கடிதத்தை எடுத்து வந்து, அவள் கண் முன்னாலேயே போனில் படம் எடுத்து அனுப்பினார்.

“நாற்காலி வரி படத்துல தெரியுதா?”

“தெரியுது.”

“போயிடுச்சா?”

“போயிடுச்சு.”

மேலக்கா எழுந்தாள். டாக்டர் சொன்ன மாதிரியே முதலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்தாள், பிறகு நின்றாள்.